ஈழத்தலரிக்குத் தண்ணீர், அடீனியத்துக்கு வெயில்

கோவில்பட்டியில் ரயிலடிக்கு மேற்கே வீடுகள் வரிசை கட்டி நிற்கிற ஒரு தெருவில் இது நடந்தது. நடக்கவில்லை என்று சொல்கிற ஆள் அந்தத் தெருவில் ஒருத்தர் கிடையாது, வெளியூர்க்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் வாயை யார் கட்ட முடியும்.

வேல்ச்சாமி கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். அவர் பெண்டாட்டி குருவம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள், இடுப்பு வலி வந்த பிறகு வீட்டோடு இருந்துகொண்டாள். இரண்டு பேரும் அரும்பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போக, பைக் நிறுத்தப் போக, துவைக்கிற கல்லுக்குப் போக, வெளிக்கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் மிஞ்சியது. அந்த ஒரு பாய் மண்ணில் என்ன வைப்பது என்பதில்தான் வந்தது வினை.

வேல்ச்சாமி ஈழத்தலரி வைக்கவேண்டும் என்றார். குருவம்மாள் அடீனியம் என்றாள். வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் அது தெருவின் சொத்துதானே; குழாயடியிலும் டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் அதே பேச்சாகப் போயிற்று. மரக் கட்சிக்காரர்கள் சொன்னார்கள், ஈழத்தலரி என்றால் ஒரு கொப்பை ஒடித்து, வெட்டின இடத்தில் பால் காயட்டும் என்று நிழலில் போட்டு வைத்து, அப்புறம் மண்ணில் சொருகினால் போதும், கேட்பாரில்லாமல் எழுந்து நிற்கும், நாலு பேருக்கு நிழல் கொடுக்கும், இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாய் நிற்கிற காலத்திலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து வாசத்தைத் தெருமுனை வரைக்கும் அனுப்பும் என்று. செடிக் கட்சிக்காரர்கள் சொன்னார்கள், மரத்தின் வேர் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்துவிடும், அடீனியம் என்றால் ஒரு தொட்டிக்குள் அடங்கிக் கிடக்கும், முழங்கால் உயரம் தாண்டாது, அடியில் கொழுகொழு என்று கிழங்கு வைத்து அதற்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும், ரோஸ் கலரில் பூக்கும், வெயில் மட்டும் காட்டினால் போதும் என்று.

"ஈழத்தலரி சுடுகாட்டு மரம்லா," என்றாள் எதிர்வீட்டு ஜெயக்கொடி.

"அப்ப சிவன் கோயில்ல எதுக்கு நிக்குது தங்கச்சி?" என்றார் வேல்ச்சாமி.

"சிவனே சுடுகாட்டு ஆளுதானண்ணே," என்று ஜெயக்கொடி சொல்ல, தெரு சிரித்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை.

நிழல், வாசம், வேர் என்று தெரு பேசினதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்த காரணம் வேறே, அதை எல்லாரும் அறிவார்கள், அறிந்தும் வாய் திறப்பதில்லை. அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. செண்பகவல்லி என்று அம்மன் பேரை வைத்து, வல்லி வல்லி என்று கூப்பிட்டார்கள். நாலு வயசுக்கு மேலே அது வளரவில்லை. ஒரு சித்திரை வெக்கையில் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அறுத்துக்கொண்டு போகும் என்று அந்தப் பக்கத்தில் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிள்ளை பிழைக்கவேண்டுமே என்ற ஆசையில் நம்பினார்கள். குருவம்மாளும் நம்பினாள். பிள்ளை தண்ணி தண்ணி என்று கேட்கக் கேட்க, வறட்டு ரஸ்க்கைக் கையில் கொடுத்தாள், செம்பை எட்டாத உயரத்தில் தூக்கி வைத்தாள், "சரியாப் போயிரும் தாயி, அப்புறம் குடம் குடமாத் தாரேன்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாக்கு வறண்டு பிள்ளை கேட்பதை நிறுத்தினபோது தூங்கிவிட்டது என்று நினைத்தாள், பாவி மகள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது அங்கே இருந்த நர்சம்மா, தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் பிழைத்திருக்குமே என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே அழுதாள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

ஆகவே நர்சரிக்காரர் தங்கப்பாண்டி ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "அடீனியத்துக்குத் தண்ணி ஊத்தாம விட்டுச் செத்துப்போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட வந்து சொன்னதில்லக்கா, ஊத்தி ஊத்தித்தான் கொல்லுவாங்க" என்று சொன்னது குருவம்மாளின் நெஞ்சில் போய்த் தைத்தது. தண்ணீர் கொடுக்காவிட்டாலும் சாகாத ஒரு உயிர் உலகத்தில் இருக்கிறதா என்று அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள், பஸ்ஸை விட்டாள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்தாள். வேல்ச்சாமிக்கு வேறே கணக்கு. எவ்வளவு ஊற்றினாலும் வேண்டாம் என்று சொல்லாத ஒன்றை இவள் கையில் கொடுக்கவேண்டும், ஊற்றி ஊற்றி இவள் கை ஓயவேண்டும், மனசும் ஓயவேண்டும் என்று அவர் நினைத்தார். ஒரே பிள்ளைக்கு அழுத இரண்டு பேர், இரண்டு செடிக்குச் சண்டை போட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

கடைசியில் இரண்டும் வந்தது. மரம் மண்ணில் நின்றது, செடி தொட்டியில் உட்கார்ந்தது. ஈழத்தலரி சொன்ன சொல் தவறாமல் வளர்ந்து மதிலைத் தாண்டிக் குடை விரித்துவிட, அதன் நிழல் அடீனியத்தின் மேல் விழ ஆரம்பித்தது. குருவம்மாள் இடுப்பு வலியோடு தொட்டியைக் காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைப்பாள், உச்சியில் வாசலுக்கு நகர்த்துவாள், சாயங்காலம் மொட்டைமாடிப் படிக்குத் தூக்குவாள், வெயில் போகிற இடமெல்லாம் அவளும் போவாள்.

அடீனியம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொட்டி மாற்றும்போதெல்லாம் கிழங்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்து நடுவார்கள். மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கு அப்போதுதான் வெளியே வந்து அழகு காட்டும். தங்கப்பாண்டி சொல்லிக்கொடுத்தபடி ஒரு பங்குனி மாசம் குருவம்மாள் செடியைப் பிடுங்கி, ஒட்டியிருந்த மண்ணை உதறிப் பார்த்தாள். கிழங்கு ஒரு பிள்ளையாக இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தொந்தி இருந்தது, மூடின கண் இருந்தது, உச்சந்தலையிலிருந்து கிளையும் இலையும் கிளம்பியிருந்தன. அந்தத் தொந்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

குருவம்மாள் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். நிழலில் சாக்கை விரித்து அதில் உட்கார வைத்தாள். அப்புறம் வெளிக்கதவைத் திறந்து, "மதினி, வல்லி வந்திருக்கா" என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். ஜெயக்கொடி கையில் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, அப்படியே ஒங்க மோவாய்தான்" என்றாள், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று திரும்பிப் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வேல்ச்சாமி வந்து பார்த்தார். கம்பெனியிலிருந்து வந்த கையைக் கழுவாமலேயே தொடப்போனவர், கையில் வெல்லப் பாகு ஒட்டியிருந்ததால் எறும்பு வந்துவிடும் என்று பயந்து ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்து தொட்டார். தொட்ட கையை அவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அப்புறம் இரண்டு பேருமாகத் தூக்கி, இடுப்பு வரைக்கும் மண் போட்டு, மறுபடி தொட்டியில் உட்கார வைத்தார்கள்.

பிறகு தெரு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அங்கன்வாடி ஆரோக்கியமேரி டீச்சர் எடை மிஷினோடு வந்து, தொட்டியோடு நிறுத்து, தொட்டியின் எடையைக் கழித்து, இந்த வயசுக்கு இது குறைச்சல்தான் என்று கவலைப்பட்டாள். எந்த வயசுக்கு என்று கேட்டதற்கு, நோட்டில் வயசுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எடையை மட்டும் எழுதிக்கொண்டாள். தையல்காரர் அளவெடுத்து ஒரு பாவாடை தைத்தார், இடுப்பு மண்ணுக்குள் இருந்ததால் அதைக் கழுத்தோடு கட்டவேண்டியிருந்தது. சாத்தூரிலிருந்து குருவம்மாளின் அண்ணன் தாய்மாமன் முறைக்குத் தோடு வாங்கிக்கொண்டு வந்து, என் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும் என்று சட்டமாய் உட்கார்ந்துவிட, ஆசாரி கிழங்கைத் தடவிப் பார்த்து, "குத்தினா பால் வடியும் மாமா, அது விஷப் பாலு, நமக்கு வேண்டாம்" என்று எழுந்துவிட்டார், தோடு இலைக் காம்பில் தொங்கியது. சிலிண்டர் போடுகிறவர் அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் உருட்டாமல் தோளில் சுமந்து போனார், மாரியம்மன் பொங்கலுக்குக் கட்டின குழாய் ரேடியோவை வடக்கே திருப்பி வைத்தார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "வல்லி, போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தால், "பிள்ளையக் கண்ணு போடாதீங்க, நடங்க" என்று ஜெயக்கொடி விரட்டினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று நாள் போயிற்று. அது கண்ணைத் திறக்கவில்லை, பேசவில்லை, மூச்சு மட்டும் விட்டது. அதுவே போதும் என்று குருவம்மாள் இருந்தாள். அந்தச் சில மாசங்கள் அவள் முகத்தைப் பார்க்க அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது.

கார்த்திகை முடிந்து பனி இறங்கியதும் அடீனியம் இலையைக் கொட்டியது. பனிக்காலம் அதற்கு உறங்குகிற காலம். தங்கப்பாண்டி நேரில் வந்து கிழங்கை விரலால் அழுத்திப் பார்த்து, குருவம்மாளை எதிரே நிற்கவைத்துச் சொன்னார்.

"அக்கா, இனிமே ஒரு சொட்டு கூடாது. உறங்குறப்ப அது தண்ணி குடிக்காது, ஊத்தினா உள்ளுக்குள்ளயே அழுகிரும், மேல பாத்தா தெரியாது, தெரியிறப்ப கை மிஞ்சிப் போயிருக்கும். மாசி பொறந்து துளிர் எட்டிப் பாக்கட்டும், அப்புறம் ஊத்துங்க. அது வரைக்கும் காப்பாத்திட்டீங்கன்னா அப்புறம் நம்மளயெல்லாம் தூக்கிப்போட்டுட்டுத்தான் அது போகும்."

"சரி தம்பி," என்றாள் குருவம்மாள்.

மார்கழியில் ஒரு நாள், அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, அது கண்ணை மூடினபடியே வாயைத் திறந்தது.

"அம்மா, தண்ணி."

பிள்ளை பேசிவிட்டது என்று ஜெயக்கொடி தெருவெல்லாம் ஓடினாள். வேல்ச்சாமி கம்பெனிக்குப் போகாமல் ஒரு பெட்டி கடலைமிட்டாயை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். பாதித் தெரு வரைக்கும் கொடுத்தபின் ஒருத்தர், "என்னண்ணே பேசிச்சு?" என்று கேட்டார். வேல்ச்சாமி பதில் சொல்ல வாயெடுத்தார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அப்படியே நின்றார்.

அன்றையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. விடிந்ததும் கேட்டது, வெயில் ஏறக் கேட்டது, விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்டது. "அம்மா, தண்ணி." அவ்வளவுதான், வேறு சொல் அதற்குத் தெரியாது.

தெரு என்ன செய்யும், பாவம், செய்ய முடிந்ததைச் செய்தது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குழாய் வாயில் துணியைக் கட்டினார்கள். குடம் சுமந்து போகிற பெண்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, தளும்பாமல் நடந்தார்கள். வாசலில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறதை எல்லாரும் நிறுத்தினார்கள். மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள், கரிசல்காட்டு ஊரில் மழைக்குப் பயந்த தெரு அது ஒன்றுதான். டீச்சர் தினம் வந்து கதை சொல்லிப் பேச்சை மாற்றிப் பார்த்தாள். நரியும் காக்காயுமாக ஒரு கதை முழுசும் அது கேட்கும், முடிந்ததும் "தண்ணி" என்று சொல்லும், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள்.

குருவம்மாள் மரத்துக்கு ஊற்றினாள். வேல்ச்சாமிதான் சொன்னார், "அங்க ஊத்து குருவு, மனசு கேக்காட்டி அங்க போய் ஊத்து" என்று. அவள் குடம் குடமாக ஈழத்தலரிக்கு ஊற்றினாள், குளிக்கிற தண்ணீரை ஊற்றினாள், குடிக்கிற தண்ணீரை ஊற்றினாள். மரம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. பனிக்காலத்தில் இலை ஒன்றுகூட இல்லாத மொட்டைக் கொப்புகளில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து, பறிக்க ஆளில்லாமல் முற்றமெல்லாம் உதிர்த்தது. அந்தப் பூவை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஊற்றி முடித்துத் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கேட்டது ஒன்று, கொடுத்தது இன்னொன்றுக்கு. அவள் கை ஓயவும் இல்லை, மனசு ஓயவும் இல்லை.

"அன்னைக்கும் எல்லாரும் சேந்துதான கொடுக்காதன்னாங்க," என்றாள் புருஷனிடம்.

"அன்னைக்குச் சொன்னது தப்பு குருவு. இன்னைக்குச் சொல்றது நெசம்."

"தெரியும். தப்பா இருந்தா இன்னேரம் கொடுத்திருப்பேனே. நெசமா இருக்கப்போயித்தான நான் சாகுறேன்."

பாகுப் பதத்தை ஒரு சொட்டுப் பார்த்துச் சொல்கிற மனுஷன், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே போனார்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை தெருவில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, குருவம்மாள் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் செம்பு இருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

"குருவு," என்றார்.

அவள் திரும்பவில்லை. "காலையில இருந்து கேக்கலங்க," என்றாள். "வாயி மட்டும் அசையுது, சத்தம் வரல. அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு. நான் தூங்கிட்டான்னு நினைச்சேன்."

"உறங்குற காலம் இது. தங்கப்பாண்டி சொன்னாருல்ல. இன்னும் கொஞ்ச நாள்தான், மாசியில துளிர் விட்டிரும்."

"விடும்."

"ஊத்தினா போயிருவா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்கு வேணும்னு வச்சிக்கிட்டு இருக்கேன்," என்றாள் குருவம்மாள். "அவ இருக்கணும்னு எனக்குத்தான் ஆசை. அவ இருக்கேன்னு கேக்கலையேங்க. தண்ணிதான கேக்குறா."

வேல்ச்சாமி நினைத்திருந்தால் செம்பைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டு எட்டுத்தான். பிடுங்கியிருந்தால் பிள்ளை மாசியில் துளிர்த்திருக்கும், பங்குனியில் பூத்திருக்கும், பெண்டாட்டி என்றைக்கும் அவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தொட்டிக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். பிள்ளையின் பிடரியில் கை கொடுத்துத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார்.

குருவம்மாள் செம்பை அதன் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். அது குடித்தது. மடக் மடக் என்று குடித்தது, மோவாயில் வழியக் குடித்தது, மூச்சு வாங்க நிறுத்திவிட்டு மறுபடி குடித்தது. செம்பு காலியானதும் வேல்ச்சாமி எழுந்துபோய் இன்னொரு செம்பு கொண்டுவந்தார். அதையும் குடித்தது. எதிர்வீட்டு வாசலில் நின்ற ஜெயக்கொடி இதைப் பார்த்துவிட்டு, சத்தம் போட வாயைத் திறந்தவள், சேலையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குருவம்மாள் அதன் காதோரம் குனிந்து என்னவோ கேட்டாள், அது என்னவோ சொல்லிற்று. அப்புறம் முகம் தெளிந்து தூங்கியது.

ஒரு வாரம் போவதற்குள் அடிக்கிழங்கு மெத்தென்று ஆயிற்று. தோல் கறுத்தது. தொந்தி ஏறி இறங்குவது வரவரக் குறைந்து, ஒரு காலையில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே நின்றது. தங்கப்பாண்டி வந்து பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேல்ச்சாமியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெரு துட்டிக்கு வந்தது. வல்லி முதல் தடவை போனபோது இவர்கள் வேறே தெருவில் வாடகைக்கு இருந்தார்கள், அன்றைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தத் தடவை தெரு அடைத்து வந்தார்கள். ஆண்கள் பந்தல் காலுக்குக் குழி தோண்டினார்கள். டீச்சர் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். குருவம்மாள் மட்டும் அழாமல் இருந்தாள். அழவைத்துவிடுங்கள், நெஞ்சு அடைத்துவிடும் என்று பெரிய பெண்கள் ஒருத்திக்கொருத்தி முணுமுணுத்தார்கள்.

அப்போது அடுத்த தெருவிலிருந்து வந்த ஒருத்தி, சங்கதி ஏதும் தெரியாதவள், துட்டி வீட்டில் எல்லாரும் கேட்கிறதைத்தான் அவளும் கேட்டாள், குருவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு.

"கடைசியில ஒரு வாய்த் தண்ணியாவது குடிச்சிச்சா தாயி?"

வட்டத்தில் அழுகை பட்டென்று நின்றது. ஜெயக்கொடி அவள் தொடையைக் கிள்ளினாள். வேல்ச்சாமி வாசலில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

குருவம்மாள் நிமிர்ந்தாள். கண் நிறைந்தது, இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த அழுகையெல்லாம் ஒன்றாக ஏறி வர, அதற்கு நடுவே அவள் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"குடிச்சாக்கா. நல்லாக் குடிச்சா. இன்னும் வேணுமா தாயின்னு கேட்டேன். போதும்மான்னு அவளே சொன்னா."